மலைப்பனி ஓட்டத்துக்கான ஸ்னோமொபைல்: வெளித் தயாரிப்பு ஏர் இன்டேக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலையேறும் ஸ்னோமொபைலுக்கு, அதாவது பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிக்கு, வெளித் தயாரிப்பு ஏர் இன்டேக் (வேறு நிறுவனம் செய்த, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுவரும் பாகம்) வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் குதிரைத்திறன் எண். அந்த எண்ணைக் கடைசியாகப் பாருங்கள் என்பதே நான் சொல்ல வருவது. ஆழமான தூள்பனியில் இன்டேக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு: பனியை வெளியே நிறுத்த வேண்டும், குளிர்ந்த காற்றை உள்ளே விட வேண்டும். இவ்விரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கொஞ்சம் திறனும் கூட்டிக் கொடுத்தால் லாபம். திறனுக்காக இவற்றில் ஒன்றை விட்டுக்கொடுக்கும் இன்டேக் பந்தயத் தடத்துக்குப் பொருந்தலாம். இடுப்பளவு பனியில் காலை வாரிவிடும்.

உயரத்தால் ஏற்படும் இழப்பு

3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 74 சதவீதம்தான். கடல்மட்டத்தில் 160 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அங்கே 120-ஐ ஒட்டியே தரும். வயோமிங் மாநிலத்தின் டோக்வோட்டீ கணவாய் 2,900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கு ஓட்டுகிற அனைவரும் இந்த இழப்போடுதான் ஓட்டுகிறார்கள். எந்த இன்டேக்காலும் இதை மீட்டெடுக்க முடியாது. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவால்தான் முடியும். ஸ்கீ-டூ நிறுவனம் 2020 மாடலாகக் கொண்டுவந்த சம்மிட் 850 இ-டெக் டர்போ, தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தப்பட்டு வந்த முதல் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல். 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் வரை 165 குதிரைத்திறன் குறையாமல் கிடைக்கும் என்பதுதான் அதன் விற்பனை வாசகமே. டர்போ இல்லாத வண்டிக்கு இன்டேக் வாங்குகிறவர் எதிர்பார்ப்பை இந்த எல்லைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் படி: குறை எங்கே என்று பாருங்கள்

“தூள்பனியில் எஞ்சின் திணறுகிறது” என்பதுதான் இன்டேக் மாற்ற நினைப்பவர்கள் அதிகம் சொல்லும் குறை. ஆனால் திணறலுக்குக் காரணங்கள் பல. பனி ஆழமாக ஆக ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) மெல்லச் சரிந்து, நிறுத்தி, காற்றுத் துளைகளை மூடியிருக்கும் வலையின் மேலிருக்கும் பனியைத் தட்டிவிட்டதும் எஞ்சின் பழைய நிலைக்குத் திரும்பினால், அடைப்பு இன்டேக்கில்தான் இருக்கிறது. ஆர்பிஎம் ஏறியும் வண்டி நகரவில்லை என்றால் எஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட் சூடாகியோ நனைந்தோ வழுக்குகிறது. இறுகிய, சுத்தமான பனியில்கூட ஆர்பிஎம் குறைவாகவே இருந்தால், அந்த உயரத்துக்கு ஏற்றபடி கிளட்ச் எடைகள் (எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் நிற்கும் என்று தீர்மானிப்பவை) அமைக்கப்படவில்லை, அல்லது எக்ஸாஸ்ட் வால்வு கரி பிடித்துச் சிக்கியிருக்கிறது. பின்னால் சொன்ன எதற்கும் இன்டேக் மருந்தல்ல.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. பக்கவாட்டுப் பேனல்களில் இருக்கும் துளைகள் பெரும்பாலும் கிளட்ச், பெல்ட், எக்ஸாஸ்ட் ஆகியவற்றின் வெப்பத்தை வெளியேற்றுவதற்கானவை. எஞ்சின் மூச்சுவிடும் துளைகள் பல மலை வண்டிகளில் டேஷ்போர்டைச் சுற்றியோ ஹூட்டின் மேல்பகுதியிலோ இருக்கும். பேனலுக்கான வலைத் தொகுப்பை வாங்கி ஒட்டிவிட்டு எஞ்சின் திணறல் போகவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பனி புகாமல் இருக்கப் பேனல் துளைகளைப் பஞ்சால் அடைத்துவிட்டால் ஹூட்டுக்குள் வெப்பம் ஏறி பெல்ட் அறுந்துபோகும்.

இரண்டாம் படி: வாங்கும் முன் அளந்துவிடுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலானோர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பணத்தை மிச்சப்படுத்துவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தடை. ஏர் பாக்ஸில் (எஞ்சினுக்குள் போகும் முன் காற்று வந்து சேரும் பெட்டியில்) ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் குறைந்த அழுத்தங்களை அளக்கும் டிஜிட்டல் மேனோமீட்டரில் இணையுங்கள். எஞ்சினின் உறிஞ்சல் துடிப்பால் எண் தள்ளாடும். குழாயின் நடுவே மிகச் சிறிய துளையுள்ள இணைப்பான் ஒன்றைச் செருகினால் நிலைக்கும். இறுகிய பனியில், த்ராட்டிலை (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திறப்பை) முழுதாகத் திறந்து ஓட்டும்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் நீரழுத்தம் என்பது ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல். 3,000 மீட்டரில் காற்றழுத்தமே 70 கிலோபாஸ்கல் என்பதால், அது அங்கே 1.4 சதவீதம். அதாவது தொழிற்சாலை இன்டேக்கின் தடை அவ்வளவு இருந்து, புதிய இன்டேக் அதை முழுதாக ஒழித்துக்கட்டினாலும், 120 குதிரைத்திறனில் இரண்டுகூடத் தேறாது. முழுதாக ஒழிக்கும் இன்டேக் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து வெப்பம். இன்டேக் காற்றின் வெப்பநிலையைக் காட்டும் வசதி வண்டியின் திரையிலோ நோய்கண்டறி கருவியிலோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஏர் பாக்ஸுக்குள் ஒரு வெப்பமானி முனையை வைக்கலாம். வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ், உள்ளே பிளஸ் 5 என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 டிகிரி வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. மேலே சொன்ன தடையைவிட இது மூன்று நான்கு மடங்கு பெரிய இழப்பு. ஆகவே ஹூட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சாமல், வெளிக்காற்றை மூடிய குழாய் வழியாகக் கொண்டுவரும் அமைப்புதான் உண்மையில் விலை கொடுத்து வாங்கத் தகுந்தது.

அளந்த இரண்டு எண்களும் சிறிதாக இருந்து, தூள்பனியிலும் வண்டி திணறவில்லை என்றால், தேடலை இங்கேயே நிறுத்திவிடலாம். தொழிற்சாலை இன்டேக் நன்றாகவே இருக்கிறது. அந்தப் பணத்தில் நல்ல பெல்ட் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வகையை முடிவுசெய்யுங்கள்

சந்தையில் இருப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம். எளியது, தொழிற்சாலைத் துளைகளின் மேல் ஒட்டும் நீர்விலக்கு வலை. எதையும் வெட்ட வேண்டாம்; பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். திணறல் குறையுள்ள வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

அடுத்தது, டேஷ்போர்டின் மேல்பகுதியையோ ஹூட்டின் ஒரு பகுதியையோ மாற்றிவிட்டு அதிகப் பரப்புள்ள வலையைத் தரும் தொகுப்பு. வலையின் ஒரு பக்கம் பனி மூடினாலும் மறுபக்கம் மூச்சுவிட இடம் இருக்கும் என்பதுதான் இதன் பலம். ஆழமான பனியிலேயே பொழுதைக் கழிப்பவர்கள் இதைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம்.

மூன்றாவது, ஏர் பாக்ஸையே மாற்றுவது. ஏர் பாக்ஸை வெறும் பிளாஸ்டிக் பெட்டி என்று நினைப்பவர்கள் ஏராளம். அது உறிஞ்சல் ஒலியை அடக்குகிறது, உள்ளே வந்த பனியைக் கீழே தங்கவைத்து வடிகால் வழியாக வெளியேற்றுகிறது, த்ராட்டில் பாடிகளுக்கு அலையாத காற்றைக் கொடுக்கிறது, குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் சிலிண்டர் நன்றாக நிரம்புவதற்கு ஏற்ற கொள்ளளவிலும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இத்தனையையும் தூக்கிப் போடுவதற்கு முன் அந்த இடத்துக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, ஏர் பாக்ஸை நீக்கிவிட்டு த்ராட்டில் பாடியிலோ கார்புரேட்டரிலோ நேரடியாக மாட்டும் கூம்பு ஃபில்டர்கள். பார்க்க அழகு, கேட்கக் கம்பீரம். ஆனால் அவை ஹூட்டுக்குள் இருக்கும் வெந்த காற்றையும், எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு உருகிய பனியின் ஈரத்தையும் உறிஞ்சும். மலைக்கு இவற்றை வாங்காதீர்கள்.

நான்காம் படி: வலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

850 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை காற்றை இழுக்கிறது. 8,000 ஆர்பிஎம்மில் அது நிமிடத்துக்குச் சுமார் 6,800 லிட்டர், நொடிக்கு 113 லிட்டர். வலையின் கண்கள் வழியே காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் தடை மிகக் குறைவாக இருக்கும். அதற்குத் திறந்த பரப்பு 113 சதுர சென்டிமீட்டர் வேண்டும். வலையில் கண்கள் 40 சதவீதம், இழைகள் 60 சதவீதம் என்றால், மொத்த வலைப்பரப்பு 280 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஏறத்தாழ ஏ4 தாளில் பாதி.

ஆனால் இது பனி ஒட்டாத வலைக்கான கணக்கு. பாதி மூடிவிட்டால் மீதிக் கண்களில் வேகம் இரட்டிக்கிறது, தடை நான்கு மடங்காகிறது. முக்கால் பங்கு மூடிவிட்டால் பதினாறு மடங்கு. எனவே மலைக்கு முழு ஏ4 தாள் அளவுப் பரப்பு இருந்தால் நல்லது; அதுவும் ஒரே தளத்தில் இல்லாமல், வெவ்வேறு திசை பார்க்கும் இரண்டு மூன்று துண்டுகளாக இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டத்தின்போது ஒரு பக்கம் பனி அடித்தாலும் காற்றின் மறைவில் இருக்கும் பக்கம் திறந்திருக்கும். சரிவாக அல்லது செங்குத்தாக நிற்கும் வலையில் பனி தங்காது, அதிர்விலேயே உதிரும். வானம் பார்த்துப் படுத்திருக்கும் வலையில் பனி குவியும்.

வலையின் பொருளும் முக்கியம். நீரை ஒட்டவிடாத பூச்சுள்ள நெருக்கமான செயற்கை இழை வலையே மலைக்கு ஏற்றது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் புழுதிச் சாலைக்குச் சிறந்தது. பனியில் ஈரம் ஏறி உறைந்தால், நனைந்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மலையேறுவதைப் போன்ற நிலைமை எஞ்சினுக்கு. பஞ்சு ஃபில்டரும் பனிப்பொடியை உள்வாங்கி இறுகிவிடும். தவிர, பனிப்பரப்பில் புழுதி கிடையாது என்பதால் பல ஸ்னோமொபைல்கள் தொழிற்சாலையிலிருந்தே காகித ஃபில்டர் இல்லாமல், வெறும் வலையோடு வருகின்றன. “தடை தரும் பழைய ஃபில்டரை மாற்றுங்கள்” என்ற விளம்பரத்தைப் பார்த்தால், உங்கள் வண்டியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று ஹூட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கண்கள் பெரிதாக உள்ள வலை கூடுதல் காற்று விடும், பனிப்பொடியையும் விடும். உள்ளே போன பொடி உருகி, எஞ்சினை நிறுத்திய பிறகு த்ராட்டில் தகட்டின் விளிம்பில் மீண்டும் உறையக்கூடும். த்ராட்டில் திறந்த நிலையில் சிக்கிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முறை கிளப்புவதற்கு முன்பும் த்ராட்டில் நெம்புகோலை அழுத்திவிட்டு, அது தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். உடலோடு இணைக்கும் அவசர நிறுத்தக் கயிற்றை மாட்டாமல் கிளப்பாதீர்கள்.

ஐந்தாம் படி: எரிபொருள் ஈடுகொடுக்குமா?

காற்று கூடி எரிபொருள் அதே அளவில் நின்றால் கலவை லீன் ஆகும். டூ-ஸ்ட்ரோக்கில் லீன் கலவை பிஸ்டனை உருக்கிவிடும். கார்புரேட்டர் வண்டியில் ஏர் பாக்ஸை மாற்றினால் எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் விவாதமே இல்லை.

ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்களில் பெரும்பாலானவை உள்ளே வரும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு, வெளிக்காற்றழுத்தமும் வெப்பநிலையும் என்ன என்று பார்த்து, ஏற்கெனவே பதிந்து வைத்த அட்டவணைப்படி எரிபொருளைத் தெளிக்கின்றன. உயரத்தையும் குளிரையும் அந்த அட்டவணை அறியும். நீங்கள் மாட்டிய புதிய இன்டேக்கை அது அறியாது. துளை வலையை மட்டும் மாற்றினால் வித்தியாசம் பொதுவாகத் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். ஏர் பாக்ஸை மாற்றினால், அந்த இன்டேக்குக்கென்றே தயாரித்த எரிபொருள் அட்டவணையோ எரிபொருள் கட்டுப்பாட்டுப் பெட்டியோ சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். “தேவைப்படாது” என்று விற்பவர் சொன்னால், எந்த மாடலில், எந்த உயரத்தில் எக்ஸாஸ்ட் வெப்பநிலையை அளந்து அப்படிச் சொல்கிறார் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

வெப்பநிலை சென்சார் ஏர் பாக்ஸில் பொருத்தப்பட்டிருந்தால் அதைப் புதிய இடத்தில் எங்கே வைக்கச் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சூடான மூலையில் தொங்கவிட்டால், காற்று சூடாக இருக்கிறது என்று ஏமாந்து எரிபொருளைக் குறைத்துவிடும். லீன் ஆவதற்கு இது இன்னொரு குறுக்குவழி.

டர்போ வண்டிகளில் கதை சற்று மாறும். அங்கே இன்டேக் தடை குறைந்தால் டர்போ காற்றை இழுக்க அவ்வளவு போராட வேண்டியதில்லை, சீக்கிரம் சுழலும். உச்சத் திறனில் பெரிய மாற்றம் இருக்காது, ஏனென்றால் அழுத்தத்தைக் கணினி கட்டுப்படுத்துகிறது. ஆனால் இறுகிய பனிக்கட்டி ஒன்று உள்ளே போனால் அதிவேகத்தில் சுழலும் கம்ப்ரசர் இதழ்கள் சேதமாகும். டர்போ வண்டிக்கு வலையில் ஒருபோதும் சமரசம் செய்யாதீர்கள்.

ஆறாம் படி: பொருத்தமும் சட்டமும்

மாடல் ஆண்டை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள்; சேஸிஸைச் (வண்டியின் அடிச்சட்டத் தலைமுறையைச்) சொல்லுங்கள். ஸ்கீ-டூவில் 2017-இல் வந்த நான்காம் தலைமுறைக்கும் 2023-இல் வந்த ஐந்தாம் தலைமுறைக்கும் ஹூட் வேறு. போலாரிஸின் ஆக்ஸிஸுக்குச் செய்த பாகம் மேட்ரிக்ஸில் உட்காராது. ஆர்க்டிக் கேட்டின் அசென்டருக்கும் கேட்டலிஸ்டுக்கும் அப்படியே. உயர்ந்த ஹேண்டில்பார் தூண், பெரிய திரை போன்றவற்றை ஏற்கெனவே மாட்டியிருந்தால் அவற்றையும் குறிப்பிடுங்கள்.

வட அமெரிக்காவில் ஸ்னோமொபைல் பாதுகாப்பு, சான்றளிப்புக் குழுவின் சான்று பெற்ற வண்டிகள், முழு த்ராட்டிலில் 50 அடி தூரத்தில் 78 டெசிபலுக்கு மேல் ஒலிக்கக் கூடாது. டூ-ஸ்ட்ரோக்கின் ஒலியில் உறிஞ்சல் ஒலிக்கும் கணிசமான பங்கு உண்டு. எக்ஸாஸ்ட்டைத் தொடாமலேயே இன்டேக்கால் மட்டும் அந்த வரம்பைத் தாண்டிவிட முடியும். சத்தம் பனிச்சரிவைத் தூண்டும் என்பது கட்டுக்கதைதான். ஆனால் சத்தத்தால் மலைப்பாதைகள் ஸ்னோமொபைல்களுக்கு மூடப்படுவது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் 2006 மாடல் ஆண்டு முதல் ஸ்னோமொபைல்களுக்கு உமிழ்வு விதிகளும் உள்ளன; சான்று பெற்ற அமைப்பைச் செயலிழக்கச் செய்யும் மாற்றம் சட்டச் சிக்கலாகும். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டி என்றால், எந்த மாற்றம் அதைப் பாதிக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏழாம் படி: மாட்டும்போது

வேலையைச் சூடான அறையில் செய்யுங்கள். பசை குளிரில் பிடிக்காது; ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டிய பிறகு ஓரிரவு விட்டுவிடுங்கள். ஏர் பாக்ஸைத் திறந்ததும் த்ராட்டில் பாடிகளைச் சுத்தமான துணியால் மூடுங்கள். எத்தனை துணி வைத்தீர்களோ அத்தனையையும் எடுத்துவிட்டோமா என்று எண்ணுங்கள்.

வலைக்கு உள்பக்கம், எஞ்சினை நோக்கிய பக்கத்தில், கழன்று விழக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. ஒரு ரிவெட் தலை உள்ளே போனால் போதும், ரீட் வால்விலிருந்து சிலிண்டர் வரை செலவு வைத்துவிடும். தொகுப்பில் திருகுகள் உள்பக்கம் பார்த்து வந்தால் தானாகக் கழலாத நட்டுகளைப் பயன்படுத்துங்கள்.

மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று அறிய, பெட்டிக்குள் ஒரு சிறு விளக்கை எரியவிட்டு அறையை இருட்டாக்குங்கள். வலையைத் தவிர வேறெங்கிருந்தும் வெளிச்சம் வரக் கூடாது. ஏர் பாக்ஸின் வடிகால் துளை அடைபடவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். கடைசியாக ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, த்ராட்டில் கேபிள் எங்கும் இழுபடாமல், உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாம் படி: உண்மையில் ஏதாவது கிடைத்ததா?

ஸ்னோமொபைலின் கிளட்ச் இதற்கு நல்ல சாட்சி. கிளட்ச் எடைகளை மாற்றாமல், அதே ஏற்றத்தில், அதே பனியில், முழு த்ராட்டிலில் ஏறிப் பாருங்கள். எஞ்சின் கூடுதல் திறன் தந்தால் அதே எடைகளால் அதை அடக்க முடியாது. ஆர்பிஎம் முன்னைவிட உயரும். ஆர்பிஎம் அப்படியே நின்றால் கூடியது சத்தம் மட்டுமே. உயர்ந்து, எஞ்சின் உச்சத் திறன் தரும் ஆர்பிஎம்மைத் தாண்டிவிட்டால், எடையைச் சற்றுக் கூட்டி மீண்டும் அந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் கிடைத்ததையும் இழப்பீர்கள்.

வெப்பநிலையை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். 160 குதிரைத்திறன் எஞ்சினில் இரண்டு குதிரைத்திறன் என்பது காற்று மூன்று டிகிரி குளிர்ந்தாலே கிடைத்துவிடும். காலையில் பழைய இன்டேக்கோடும் நண்பகலில் புதியதோடும் ஓட்டி ஒப்பிட்டால், வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள்.

முதல் ஓட்டங்கள் குறுகியதாக இருக்கட்டும். எக்ஸாஸ்ட் வெப்பமானி இருந்தால் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி பிஸ்டன் தலையைப் பாருங்கள். சிலிண்டர் துளைகளை ஒட்டிய ஓரத்தில் எரிபொருள் கழுவிய சுத்தமான பகுதி முன்பைவிடச் சுருங்கியிருந்தால் கலவை லீன் பக்கம் போகிறது. மேலே ஏறாமல் திரும்பிவிடுங்கள். எஞ்சின் நின்றுபோவதற்குப் பனிச்சரிவு விழும் பாதையின் நடுவைவிட மோசமான இடம் மலையில் இல்லை. தூள்பனிச் சோதனையையும் சரிவில்லாத திறந்த வெளியில் முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பராமரிப்பு

நிறுத்தும் ஒவ்வொரு முறையும் வலையைக் கையுறையால் தட்டிவிடுங்கள். சுரண்ட வேண்டாம், நீர்விலக்குப் பூச்சு போய்விடும். நீர் முத்தாக உருளாமல் பரவத் தொடங்கினால் வலையை மாற்றும் காலம் வந்துவிட்டது. திறந்த டிரெய்லரில் கொண்டுசெல்லும்போது இன்டேக்கை மூடிவிடுங்கள். குளிர்காலச் சாலையில் தூவிய உப்பும் மணலும் பனிமலை முழுவதிலும் இல்லாத அளவுக்கு அங்கே பறக்கும். கோடையில் வண்டியை ஓரங்கட்டும்போது துளைகளைச் சுத்தமான துணியாலோ உலோக வலையாலோ அடைத்து, அடைத்திருப்பதாக ஒரு சீட்டெழுதி ஹேண்டில்பாரில் கட்டிவையுங்கள். ஏர் பாக்ஸில் எலிகள் கூடு கட்டுவது மிகச் சாதாரணம். முதல் பனி விழும் நாளில் அந்தக் கூட்டுப் பஞ்சு முழுவதும் நேராக எஞ்சினுக்குள் போகும்.